தியான ஆப்பும் அதற்குள் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளையும்

எட்டு மாதமாக ஒரு தியான ஆப்பைப் பயன்படுத்தினேன். பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகிற குறை இந்த வகை ஆப்கள் பலவற்றிலும் இருக்கிறது. சந்தா கட்டியது ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதற்காக. வேலையிடத்துக் கோபத்தை வீட்டுக்கு எடுத்து வந்து கொட்டிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம், அப்போது கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

முதலில் நல்லது. உள்ளே இருக்கும் எட்டு வாரப் பயிற்சி உருப்படியானது. அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் என்பவர் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு தியான முறையைத் தொடங்கினார், அதை ஒட்டியது. அதில் வாரம் ஒரு நீண்ட வகுப்பு, வீட்டில் தினமும் 45 நிமிடம். ஆப்பில் 12 நிமிடம்தான். 45 என்றிருந்தால் இரண்டாம் நாளே ஓடியிருப்பேன்.

தலையிலிருந்து கால் வரை உடம்பை ஒவ்வொரு இடமாகக் கவனிக்கும் பயிற்சியில், மூன்றாம் நாள், "தாடையைப் பாருங்கள்" என்று குரல் சொன்னபோதுதான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அமைதியாகத் தியானம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு! அன்றிலிருந்து சிக்னலில் நிற்கும்போதும், லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதும், எரிச்சலூட்டும் ஒரு மெயிலைத் திறக்கும் முன்னாலும் தாடையைத் தளர்த்திப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடச் சொல்வார்கள், மூச்சு வெளியே போகும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலையால் இதயத்துடிப்பு சற்றே மெதுவாகும், இதைக் கண்ணை மூடாமல், யாருக்கும் தெரியாமல், மீட்டிங்கிலேயே செய்துகொள்ளலாம். பாத்திரம் தேய்க்கும்போது செய்யும் மூன்று நிமிடப் பயிற்சியும் எனக்குப் பிடித்தது. நீரின் சூடு, சோப்பின் வழுக்கல், நடுவில் மனம் நாளைய வேலைக்கு ஓடிவிடும், ஓடியதைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவர வேண்டும், அவ்வளவுதான் பாடம்.

இப்போது கணக்குப்பிள்ளை. ஸ்ட்ரீக் என்று ஒன்று, தொடர்ந்து எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். 63 நாள் ஆகியிருந்தது, ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல், மறந்துபோனேன், மறுநாள் காலையில் பெரிய பூஜ்யம். அதற்குப் பிறகு ராத்திரி 11.50-க்கு எழுந்துபோய் கூடத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "அமைதி" அடைந்திருக்கிறேன். ஒருமுறை ஆப்பை ஓடவிட்டுப் பல் தேய்த்தேன், அதையும் ஒரு நாளாக எண்ணிக்கொண்டது. பதற்றம் குறைய வந்தவனுக்குப் புதிதாக ஒரு பதற்றம்.

விளம்பரத்தில் தூக்கம், எடை, கவனம் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். 2014-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் ஓரளவு பலன் தெரிந்தது, ஆனால் உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிடத் தியானம் மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை. தூக்கம், எடை, கவனம் பற்றிய சான்றும் பலவீனம்தான். என் தூக்கம் தேறியது உண்மை, ஆனால் போனைப் படுக்கையறைக்கு வெளியே வைக்க ஆரம்பித்ததும் அதே மாதம், எனவே முழுப் பெருமையையும் ஆப்புக்குத் தர மாட்டேன்.

இன்னொரு பெரிய குறை. பழைய அதிர்ச்சி எதையாவது சுமப்பவர்களுக்குக் கண்மூடி உட்காருவதே சில சமயம் கலக்கத்தைக் கிளப்பும். வகுப்பில் என்றால் கேட்க ஓர் ஆள் இருப்பார், இங்கே உதவிப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி. அப்படிப்பட்டவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள், ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை இதை நம்பி நிறுத்தாதீர்கள்.

ஐந்துக்கு மூன்று. வாங்குவதென்றால் முதல் நாளே ஸ்ட்ரீக்கையும் நோட்டிஃபிகேஷனையும் அணைத்துவிட்டு, எட்டு வாரத்தை மட்டும் முடியுங்கள். நான் போன வாரம் சந்தாவை ரத்து செய்தேன். அந்தப் பொத்தானுக்குப் போக ஏழு திரை தாண்ட வேண்டும். ஆறாவதில் "ஒருமுறை ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு முடிவெடுங்கள்" என்று போட்டிருந்தது. சரி என்று இழுத்தேன், ஆறு எண்ணி விட்டேன், அப்புறம் ரத்து செய்தேன்.