பூனை மண்: வேலூர் வெயிலுக்கும் மழைக்கும் எது தாங்கும்?

மலம், மூத்திரம் போக மண் கொட்டி வைத்த ட்ரேயை விட்டுவிட்டுப் பூனை பாய் மேலும் பாத்ரூம் வாசலிலும் போக ஆரம்பித்தால் முதலில் பூனையைத் திட்டுகிறோம், அடுத்து வேறு பிராண்டு மண் வாங்குகிறோம். பெரும்பாலும் கோளாறு பிராண்டில் இருக்காது. எவ்வளவு கொட்டினோம், எங்கே வைத்தோம், எதைப் போட்டுக் கழுவினோம் என்பதில்தான் இருக்கும். ஆனாலும் ரகத்துக்கு ரகம் குணம் மாறும். வேலூரில் அது நன்றாகவே தெரியும்: கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது நாற்றம் ஒரே நாளில் கூடம் வரை வந்துவிடும், ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தை இழுக்கும் மண் வழக்கமான ஆயுளில் பாதியிலேயே சோர்ந்துவிடும்.

இங்கே சொல்லும் அளவெல்லாம் ஒரு பூனைக்கு, 50 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலமுள்ள ட்ரேக்கு.

பெண்டோனைட்டிலிருந்து தொடங்கலாம். கடையில் "கட்டியாகும் மண்" என்று கேட்டால் தருவது இதுதான். குஜராத்தின் கட்ச் பக்கம் வெட்டியெடுக்கும் களிமண். நனைந்ததும் உப்பி, பந்துபோல் இறுகும். அதை மட்டும் அள்ளி எறிந்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். "கட்டியே ஆகலை, அடியில ஒட்டிக்குது" என்று இதைத்தான் அதிகம் பேர் குறை சொல்கிறார்கள். காரணம் எளிது. 5 கிலோ பொட்டலம் ஒன்றைக் கொட்டினால் இந்த ட்ரேயில் இரண்டரை, மூன்று செ.மீ.தான் நிற்கும். மூத்திரம் கட்டியாவதற்குள் அடியைத் தொட்டு, பிளாஸ்டிக்கோடு சேறாக ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டச் சுரண்ட ட்ரேயில் கீறல் விழும். கீறலுக்குள் நாற்றம் குடியேறும். பிறகு எந்த மண் போட்டாலும் நாறும். முதல் தடவை 10 கிலோ கொட்டுங்கள், 6 செ.மீ. ஆழம் வரும். அதன்பின் அள்ளுகிற அளவுக்கு மேலே சேர்த்துக்கொண்டே போனால் போதும். சிறுநீர் விழுந்த உடனே அள்ள வேண்டாம். பத்து, பதினைந்து நிமிஷம் விட்டால் முழுசாக வரும், இல்லாவிட்டால் உடைந்து சிதறும்.

இதன் குறைகள் மூன்று. ஒன்று, தூசு, மூட்டையைத் தாழப் பிடித்து மெதுவாகக் கொட்ட வேண்டும். இரண்டு, நாலு மாதத்துக்குக் குறைந்த குட்டிகள் இதைத் தின்று பார்க்கும். வயிற்றில் போய் உப்பும், ஆகவே குட்டிக்கு வேண்டாம். மூன்றாவதுதான் வீட்டுக்காரர் வரை போகும் விவகாரம்: ட்ரேயை அப்படியே பாத்ரூமில் கவிழ்த்துக் கழுவினால் குழாய்க்குள் களிமண் உப்பி அடைத்துக்கொள்ளும். முதலில் செய்தித்தாளால் காய்ந்தபடியே துடைத்தெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீர்.

இதற்கு நேர்ப் போட்டி ஆற்று மணல். பூனைக்குப் பிடித்ததும் இதுதான். தெருவில் வீடு கட்டக் கொட்டிய மணல் குவியலை ஒரு ராத்திரி கவனித்தால் தெரிந்துவிடும். ஆனால் பாலாற்றில் இறங்கி அள்ளி வரலாம் என்று கிளம்ப வேண்டாம். அனுமதி இல்லாமல் மணல் எடுப்பது குற்றம். தெரிந்தவர் வீட்டு வேலையில் மிஞ்சிய மணலாகப் பார்த்து வாங்குங்கள். இந்த ட்ரேக்கு 15 முதல் 18 கிலோ பிடிக்கும். அந்தக் குவியலில் தெருப்பூனைகளும் போயிருக்கும், புழு முட்டை இருக்கலாம். அதனால் சலித்து, கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மொட்டைமாடியில் தார்ப்பாய் விரித்து நன்றாகக் காயவைத்துத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

மணல் எதையும் உறிஞ்சாது, கட்டியும் ஆகாது. மூத்திரம் நேராக அடிக்கு இறங்கித் தேங்கும். இரண்டாம் நாளே அம்மோனியா கண்ணை எரிக்கும். எனவே இரண்டு பங்கு மணலை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்: ஒன்று ட்ரேயில், ஒன்று மாடியில் காய்ந்தபடி. கோடையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். கழுவிய மணல் வேலூர் வெயிலில் ஒரே பகலில் காய்ந்துவிடும். மழை மாதங்களில் காயவே காயாது, அப்போது இந்த முறை படுத்துவிடும். செலவு கிட்டத்தட்ட இல்லை. உழைப்பும் தண்ணீரும்தான் விலை. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது.

மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் கொட்டுகிறவர்களும் உண்டு. அது கருங்கல் உடைத்த தூள். ஓரம் கூர்மை, மாவுபோல் தூசு, நனைந்தால் அடியில் பாறையாக இறுகும். பூனை ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

மரத்தில் இரண்டு வகை. பைன் பெல்லட் (பைன் மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சித் துண்டுகள்) நல்ல பொருள்: ஈரம் பட்டால் இரண்டு, மூன்று மடங்கு உப்பித் தூளாக உதிரும், மர வாசனை நாற்றத்தை ஓரளவு அமுக்கும். உப்பும் என்பதால் 3 செ.மீ. போதும், 4 கிலோ பிடிக்கும். ஆனால் இதற்குச் சாதாரண ட்ரே உதவாது. ஒரே அளவில் இரண்டு டப் வாங்கி, மேல் டப்பின் அடியில் 5 மி.மீ. துளைகளை நெருக்கமாகப் போட்டு, ஒன்றினுள் ஒன்றை வையுங்கள். தினமும் குலுக்கினால் உதிர்ந்த தூள் கீழே இறங்கும், முழு பெல்லட் மேலே நிற்கும். பாய்லருக்கு எரிக்க விற்கும் பெல்லட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அதில் என்னென்ன கலந்தது என்று மூட்டையில் எழுதியிருக்காது. ரம்பக் கடை மரத்தூளும் அப்படித்தான். பிளைவுட் அறுத்த தூள் என்றால் பசையும் சேர்ந்தே வரும். மூக்கில் ஏறித் தும்மல் வரும்.

டோஃபு மண் லேசு, தூசு குறைவு, கட்டியாகும், குட்டிக்கும் பயமில்லை. சோயா சக்கைதானே. பிரச்சினை நம் ஊர் எறும்பு. பொட்டலத்தைத் திறந்து வைத்தால் எறும்பும் வண்டும் கூட்டமாக வந்துவிடும். மழைக்காலத்தில் புளித்த வாடை அடிக்கும், பூஞ்சையும் பிடிக்கும். காற்றுப்புகா டின்னில் போட்டு, டின்னைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள். ட்ரேயைச் சுற்றி எறும்பு சாக்பீஸ் மட்டும் கிழிக்காதீர்கள்: அதிலிருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து பூனைக்கு விஷம், காலில் ஒட்டியதை நக்கிவிடும். டோஃபு மண்ணைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றலாம் என்று உறையில் போட்டிருக்கும்; செப்டிக் டேங்க் வீட்டில் அதை நம்ப வேண்டாம்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிகா படிகம் கோடையில் ராஜா. இரண்டு கிலோ போட்டு, தினமும் மலத்தை எடுத்துவிட்டுக் கிளறினால் மூன்று, நாலு வாரம் தாங்கும். கிளறாவிட்டால் ஒரே மூலை மஞ்சளாகி அங்கிருந்து நாறும். மழையில் காற்றின் ஈரத்தையும் குடித்துவிடுவதால் பாதி ஆயுள்தான். சில பூனைகளுக்கு அந்த நறநறப்பே ஆகாது.

உமி? ஆரணி, ஆற்காடு பக்கத்து ரைஸ் மில்லில் சல்லிசாகக் கிடைக்கும், ஆனால் உறிஞ்சாது, ஃபேன் காற்றில் வீடெல்லாம் பறக்கும். தென்னை நார்த்தூள் உறிஞ்சும்; ஆனால் கட்டியாக விற்பதை ஊறவைத்து உதிர்த்து மறுபடி காயவைக்க வேண்டும், வெள்ளை டைல்ஸில் கால்தடம் பதியும். சாம்பல் வேண்டவே வேண்டாம்.

ஆக, காட்பாடி, சத்துவாச்சாரி அபார்ட்மென்ட் என்றால் 10 கிலோ பெண்டோனைட். மாடியும் தண்ணீரும் உள்ள தனி வீடு என்றால் தை முதல் புரட்டாசி வரை மணல், மழைக்குப் பெண்டோனைட். குட்டி இருந்தால் பைன் பெல்லட். டோஃபு, மூட்டை தூக்க முடியாத பெரியவர்களுக்கு. சிலிகா, நாள் முழுக்க வேலைக்குப் போகிறவர்களுக்கு, அதுவும் கோடைக்கு மட்டும்.

எந்த மண்ணானாலும் ட்ரேயைப் பினாயில் போட்டுக் கழுவக் கூடாது. பூனைக்கு அது விஷம். விஷம் ஏறாவிட்டாலும் அந்த வாடைக்கே பூனை திரும்ப வராது. பிளீச்சிங் பவுடர் மூத்திரத்தோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். கொஞ்சம் சோப்பும் வெந்நீரும் போதும். மூடி போட்ட பெட்டியைவிட, ஒரு பக்கம் 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டிய பெரிய பிளாஸ்டிக் டப் நல்லது. மூடிய பெட்டியில் நாற்றம் வெளியே வராது, உள்ளே பூனைக்குத்தான் வரும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டு பூனைக்கு மூன்று ட்ரே. கர்ப்பிணிகள் மண் அள்ள வேண்டாம். மற்றவர்கள் தினமும் அள்ள வேண்டும், ஏனென்றால் மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக் கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் எடுக்கும்.

கடுவன் பூனை ட்ரேயில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து, முக்கி, சொட்டுச் சொட்டாக மட்டும் போனால் மண்ணை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

புது மண்ணுக்கு ஒரேயடியாகத் தாவாதீர்கள். பழைய ட்ரேயை அப்படியே விட்டுப் பக்கத்தில் புது மண் ட்ரே ஒன்றை வையுங்கள். நாலைந்து நாளில் எதில் குழி தோண்டியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது ட்ரேக்கு இடமில்லாத வீட்டில் நாலில் ஒரு பங்கு புதுசைக் கலந்து, வாரம் பத்து நாளில் முழுசாக மாற்றலாம். ஆனால் மணலிலிருந்து பெல்லட்டுக்கு இப்படிக் கலந்து போக முடியாது. மணலும் துளை வழியே இறங்கிவிடும்.