ஸ்பீக்கரை மதிப்பிட: மைக்கா, காதா?

வாங்க நினைக்கும் ஸ்பீக்கர்களின் பட்டியலைச் சுருக்க, ஒலியை அளக்கும் மைக்கைத்தான் நம்ப வேண்டும். ஆனால் நேர் எதிரே வைத்து எடுத்த ஒற்றை வரைபடம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டுவது) போதாது. சிடிஏ-2034 என்ற ஸ்பீக்கர் அளவீட்டுத் தர முறையில் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் 10 பாகைக்கு ஒன்றாக 70 அளவீடுகள் எடுக்கிறார்கள். ஸ்பீக்கரிலிருந்து நேராகக் காதுக்கு வரும் நேரொலி எல்லா அதிர்வெண்ணிலும் தட்டையாக இருந்தும் பக்கவாட்டில் 2–4 கிலோஹெர்ட்ஸ் புடைத்திருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி குரலைக் கூர்மையாக்கி எரிச்சலூட்டும். அதிர்வெண்வாரியாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் இங்கே உதவாது. புடைப்பை இறக்கினால் நேரொலியும் சேர்ந்து இறங்கிவிடும்.

காது எளிதில் ஏமாறும். 1 டெசிபல் கூடுதல் சத்தமே ‘தெளிவு’ என்று தோன்றும். பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓட்டி, ஒப்பிடும் இரண்டு ஸ்பீக்கர்களின் சத்தத்தையும் அரை டெசிபலுக்குள் சமமாக்குங்கள். திரைக்குப் பின்னால், அதே இடத்தில், ஒற்றை ஸ்பீக்கராக மோனோவில் கேளுங்கள். ஸ்டீரியோ பல குறைகளை மறைத்துவிடும். பெட்டி கண்ணில் பட்டாலே மதிப்பெண் மாறுவதை ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் காட்டிவிட்டார்கள். திரையில்லாத ‘கேட்டு எழுதிய’ விமர்சனத்துக்கு அதனால்தான் எடை குறைவு.

பேஸ் எனும் தாழ்ந்த ஒலி விஷயத்தில் மட்டும் உங்கள் அறைக்கே முதல் உரிமை. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையின் ஆதிக்கம்தான். 4 மீட்டர் நீள அறை 43 ஹெர்ட்ஸில் முழங்கும். அதை எந்த ஆய்வகத்து வரைபடமும் காட்டாது. வீட்டில் ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கரையும் நாற்காலியையும் 20 சென்டிமீட்டர் வீதம் நகர்த்திக் கேளுங்கள்.