டெக்கன் 7: ஏழு ஆண்டு விளையாடிய பிறகு அதன் விருந்தாளிகளைப் பற்றி

2018ஆம் ஆண்டு விடுமுறைக்கு வந்த அண்ணன் கட்டாரிலிருந்து டெக்கன் 7 என்ற சண்டை விளையாட்டின் இறுவட்டைக் கொண்டுவந்தார். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன்னறையில் அன்று போட்ட விளையாட்டை இன்றும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் விளையாடுகிறோம். 2022இல் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களில்கூட, மின்சாரம் வந்ததும் நாங்கள் முதலில் தேடியது இதைத்தான். சண்டை விளையாட்டு என்ற அளவில் இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வேறு விளையாட்டுகளிலிருந்தும் தொலைக்காட்சித் தொடரிலிருந்தும் இதற்குள் வந்த விருந்தாளிகளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். காசு கொடுத்து அவர்களை வாங்கப் போகிறவர்களுக்கு இது பயன்படும்.

நான்கு பேர். கேப்காம் நிறுவனத்தின் அக்குமா, எஸ்.என்.கே. நிறுவனத்தின் கீஸ் ஹோவர்ட், பைனல் பேன்டசி 15 என்ற விளையாட்டின் நொக்டிஸ், தி வாக்கிங் டெட் தொடரின் நேகன். அக்குமா இறுவட்டிலேயே இருக்கிறார். மற்ற மூவரையும் தனியாக வாங்கித் தரவிறக்க வேண்டும். இதில் நான் ஒரு பாடம் படித்தேன். வளைகுடாவில் வாங்கிய இறுவட்டுக்கு, அமெரிக்கக் கணக்கில் வாங்கிய நேகன் திறக்கவில்லை. இறுவட்டின் வட்டாரமும் கணக்கின் வட்டாரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை நான் கவனிக்கவில்லை. சரியான வட்டாரத்தில் கணக்குத் திறந்து இரண்டாவது முறையும் காசு கொடுத்தேன். வெளிநாட்டு இறுவட்டு வைத்திருப்பவர்கள் அதன் உறையில் உள்ள குறியீட்டை முதலில் பாருங்கள்.

விளையாடுவதற்கு நால்வரில் அக்குமாவே சிறந்தவர். காற்றில் எழும்பி நெருப்பு உருண்டை எறிகிறார். டெக்கன் வீரர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இல்லாத சக்திமானி (சிறப்பு அடிகளுக்கான சக்தி சேர்வதைக் காட்டும் பட்டை) அவருக்கு உண்டு. இருந்தும் வந்த இடத்தில் அந்நியராகத் தெரியவில்லை. டெக்கன் கதையின் கசூமி கேட்டுக்கொண்டபடி அவளுடைய கணவர் ஹெய்ஹாச்சியையும் மகன் கசூயாவையும் கொல்ல வருபவர் என்று அவரைக் கதைக்குள்ளேயே நெய்துவிட்டார்கள். கீஸ் கடினம், பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது, ஆனால் அந்த வருடம் வீண்போகவில்லை. நொக்டிஸ் என் கைக்கு ஒட்டவே இல்லை.

நேகன் என் பெறாமகனுக்குச் சொந்தம். 2019இல் நேகன் வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. முள்கம்பி சுற்றிய மட்டையோடு நேகன் நடந்துவரும் தோரணையை நாற்காலியில் இருந்தபடியே செய்துகாட்டுவான். எந்த அடிக்குப் பிறகு எத்தனை கணம் பொறுக்க வேண்டும் என்பது அவன் பெருவிரலுக்குத் தெரியும். கன்ட்ரோலரின் சதுரப் பொத்தானில் இருந்த அடையாளம் பாதி தேய்ந்துவிட்டது. அதைத் தேய்த்தவன் அவன்தான்.

2024 ஜனவரியில் டெக்கன் 8 வெளிவந்தது. அது எங்கள் பழைய பிளேஸ்டேஷன் 4 கருவியில் ஓடாது என்பதால் நிலாவெளியில் நண்பர் வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் திரையில் இடமிருந்து வலமாகப் போனான். திரும்பவும் முதலிலிருந்து வந்தான். “சித்தப்பா, நேகனை எங்கே?” என்று கேட்டான். நேகன் இல்லை. கீஸும் நொக்டிஸும் இல்லை. கதைக்குள்ளேயே வேர்விட்டிருந்த அக்குமாவும் இல்லை. அந்த ஆண்டுக் கடைசியில் பைனல் பேன்டசி 16இன் கிளைவ் விருந்தாளியாக வந்தார். ஐந்து வருடம் பழகிய கைக்குக் கிளைவ் என்ன ஆறுதல்?

அன்றிரவு அவனுக்கு நான் விளங்கப்படுத்தியதையே இங்கும் எழுதுகிறேன். ஜின், கசூயா போன்ற டெக்கன் வீரர்கள் அதை உருவாக்கும் பண்டாய் நாம்கோ நிறுவனத்தின் சொந்தப் பிள்ளைகள். அடுத்த பாகத்தில் சேர்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. விருந்தாளிக்கு வேறொரு உரிமையாளர் இருக்கிறார். அவரோடு செய்த உடன்படிக்கை பொதுவாகக் குறிப்பிட்ட ஒரு விளையாட்டுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு. அடுத்த பாகத்தில் வேண்டுமென்றால் மறுபடியும் பேச வேண்டும், மறுபடியும் கொடுக்க வேண்டும். முகத்துக்கு ஒரு அனுமதி, குரலுக்கு இன்னொரு அனுமதி என்று பிரிவதும் உண்டு. மோர்ட்டல் கொம்பாட் 11இல் டெர்மினேட்டருக்கு ஆர்னால்டின் முகம் இருக்கிறது, குரல் வேறொருவருடையது. (அந்த விளையாட்டைப் பிள்ளைக்கு நான் காட்டவில்லை; அதில் ஓடும் இரத்தம் சிறுவர்களுக்கு ஆகாது.)

இது நேற்று வந்த வழக்கமும் அல்ல. சோல்கலிபர் 2 என்ற சண்டை விளையாட்டு வீட்டுக் கருவிகளுக்கு வந்தபோது, நின்டெண்டோ கருவியில் அந்த நிறுவனத்தின் செல்டா விளையாட்டு நாயகன் லிங்க், பிளேஸ்டேஷனில் ஹெய்ஹாச்சி, எக்ஸ்பாக்ஸில் சித்திரக்கதை நாயகன் ஸ்பான் என்று கருவிக்கொரு விருந்தாளி இருந்தார். 2013இல் அதே விளையாட்டைப் புதுப்பித்துப் பிளேஸ்டேஷன் 3க்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் கொடுத்தார்கள். ஹெய்ஹாச்சியும் ஸ்பானும் சேர்ந்தே வந்தார்கள். லிங்க் வரவில்லை, நின்டெண்டோவின் பிள்ளை போட்டிக் கருவிகளில் எப்படி வரும்?

விளையாட்டின் பாதி வீரர்களே இரவல் என்றால் நிலைமை இன்னும் மோசம். 56 வீரர்கள் கொண்ட மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2, 2013 டிசம்பரில் இணையக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. முன்பே வாங்கியவர்களிடம் மட்டும் அது மிஞ்சியது. மறுபடியும் விற்பனைக்கு வர 2024 செப்டெம்பர் ஆகிவிட்டது. கிட்டத்தட்ட பதினொரு வருடம்! அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. ஒரு விளையாட்டை நேசிப்பவர்கள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள் அல்லர்; இழப்பு மட்டும் அவர்களுக்கு.

ஆகவே, டெக்கன் 7 இப்போது வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். இறுவட்டாகவே வாங்குங்கள், அக்குமா அதோடு வந்துவிடுவார். கீஸ் காசுக்குத் தகுந்தவர். விருந்தாளி ஒருவரைப் பழகும்போது கூடவே சொந்த வீரர் ஒருவரையும் பழகுங்கள். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எங்கள் நேகன் இறுவட்டில் இல்லை, கருவியின் வன்தட்டில் இருக்கிறார். திருகோணமலையின் உப்புக் காற்றில் எந்த இரும்பும் அதிக காலம் நிற்பதில்லை. மாதத்துக்கு ஒருமுறை கருவியின் பின்பக்கத்தைத் தூரிகையால் துடைத்து, மெல்லிய பருத்தித் துணியால் மூடி வைக்கிறேன். பெறாமகனுக்கு இப்போது பதினைந்து வயது. நிலாவெளிக்குப் போனால் டெக்கன் 8இல் சொந்த வீரரான கிங்கைப் பழகுகிறான். வீட்டுக்கு வந்தால் அந்தத் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, இன்னமும் நேகனைத்தான் தேர்ந்தெடுக்கிறான்.