சுங்கை சிப்புட் கடைவீட்டு மாடியில் ஒரு முதலீட்டு வகுப்பு: 350 வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசு கொடுத்துப் போகலாம். ஆனால் முதலீடு வாங்கித் தருவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள், அது அவர்கள் வேலை இல்லை. முதல் தடவையாக வெளியாளிடம் பணம் கேட்கப் போகும் சின்னக் கம்பெனியை அந்த வெளியாள் எப்படித் துருவுவாரோ, அப்படியே துருவி ஓட்டை எங்கே என்று காட்டிக்கொடுப்பார்கள். அவ்வளவுதான். இரண்டு சனிக்கிழமை, கம்பெனிக்கு 350 வெள்ளி, இரண்டு பேர் போகலாம், மதியச் சாப்பாடு உண்டு.

இடம் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடி. பெயர்ப்பலகை கிடையாது. நடத்துகிறவர் கேஎல்லில் முதலீட்டுக் கம்பெனி ஒன்றில் நெடுநாள் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே திரும்பி வந்தவர். “பேரைப் போட்டுடாதம்மா, அப்புறம் கடன் கேட்டு வந்து நிப்பாங்க” என்று சொல்லிவிட்டதால் சார் என்றே எழுதுகிறேன்.

நான் செம்பனை ஆலை எடைமேடை ஆபீசில் வேலை பார்த்தவள். அக்கா மகன் கம்ப்யூட்டர் படித்தவன். இரண்டு பேரும் சேர்ந்து நடத்துவது சிறுதோட்டக்காரர்களுக்கு லோரி பிடித்துக் கொடுக்கும் தொழில். வெட்டிய பழக்குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், ஆலையில் தரத்தைக் குறைப்பார்கள். ஐந்து ஏக்கர்காரர் தனி லோரி வைத்தால் கட்டுபடியாகாது. அதனால் அக்கம்பக்கத்துத் தோட்டங்களைச் சேர்த்து ஒரே லோரியாக அனுப்புகிறோம், எடைச் சீட்டை ஆப்பில் ஏற்றி வைக்கிறோம். 2020-லிருந்து நீடித்த செம்பனை உற்பத்திக்கான எம்எஸ்பிஓ சான்றிதழ் கட்டாயமாகிவிட்டதால் அந்தப் பதிவுக்கும் இப்போது ஒரு மதிப்பு வந்திருக்கிறது.

வகுப்பில் சார் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்துப்போனது. “தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்து பங்குப் புத்தகம் யார் யார் வீட்டுல இருக்கு?” பாதிப்பேருக்கு மேல் கையைத் தூக்கினோம். துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகளே வாங்குவதற்காக இந்த ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கியது அது. மாதம் பத்து வெள்ளியாக நூறு வெள்ளிப் பங்கு கட்டிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே உட்கார்ந்திருந்தோம். “அந்தப் பங்குக்கு லாப ஈவு வரும், தாத்தா சந்தோஷப்பட்டாரு. நீங்க பார்க்கப் போற ஏஞ்சல் முதலீட்டாளர், அதான் ஆரம்பக் கம்பெனியில சொந்தக் காசைப் போடுறவரு, அவருக்கு லாப ஈவு வேண்டாம். நாளைக்கு உங்க கம்பெனியை இன்னொருத்தன் பெரிய விலைக்கு வாங்கணும், இல்லாட்டி அடுத்து பணம் திரட்டுற ரவுண்டுல பங்கு விலை ஏறணும். அவருக்குக் காசு வர்ற வழி அது மட்டும்தான்.”

மிச்சமெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. அந்த முதலீட்டாளர் பத்துக் கம்பெனியில் போட்டால் பாதிக்கு மேல் போயே போய்விடும் என்று எதிர்பார்த்துத்தான் போடுகிறார். மீதி இருப்பதில் ஒன்றிரண்டு போட்டதைப் போல இருபது மடங்காவது தந்தால்தான் கணக்கு நேராகும். எது அந்த ஒன்று என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கம்பெனியிடமும் அவர் தேடுவது, இது அவ்வளவு பெரிதாக ஆக வழி இருக்கிறதா என்பதைத்தான். நல்ல லாபம் வருகிறதே என்றால் போதாது.

இதை வைத்தே முதல் நாள் ஓர் அக்காவைத் திருப்பி அனுப்பினார். முறுக்கு, அச்சுமுறுக்கு செய்து ஈப்போ வரை போடுகிறவர். கணக்கெல்லாம் சுத்தம், கடன் இல்லை, மாதாமாதம் லாபம். “அக்கா, உங்க தொழில் நல்லா இருக்கு, அதனாலதான் சொல்றேன், பங்கை விக்காதீங்க. மெஷின் வாங்கத்தானே காசு? சிறுதொழிலுக்குக் கடன் தர்ற அரசாங்கத் தெக்குன்ல நம்மாளுங்களுக்கு ஸ்பூமி கடன் இருக்கு, பாரத்தை நானே நிரப்பித் தர்றேன்.” அப்போதே பையிலிருந்து 350 வெள்ளியை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் இருக்கச் சொன்னார். எனக்கு இந்த மனிதர் மேல் நம்பிக்கை வந்தது அந்த நிமிஷம்தான். காசை வாங்கிக்கொண்டு, முறுக்கு உலகச் சந்தை என்று ஸ்லைடு போட்டுக் கொடுப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் முறை வந்தபோது ஸ்லைடை ஓடவிடவே இல்லை. வாடிக்கையாளர் பட்டியலைக் கேட்டார். நல்ல பேர் மூன்றை நான் காட்டப் போனேன். “நீ காட்டுற ஆளைக் கூப்பிட மாட்டேன்” என்று தானே ஒரு பெயரில் விரலை வைத்தார். லிந்தாங் பக்கத்துப் பெரியவர். ஸ்பீக்கரில் போட்டார்.

“லோரி எப்படி தாத்தா?”

“சொன்ன நேரத்துக்கு வந்துடுதுங்க. முன்னெல்லாம் ரெண்டு நாள் பழம் அப்படியே கெடக்கும்.”

“ஆப் எப்படி இருக்கு?”

“எந்த ஆப்பு? அதெல்லாம் பேத்தி பாக்கும். நான் இந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுருவேன்.”

இந்தப் பொண்ணு நான்தான், வயது நாற்பத்தெட்டு. அக்கா மகன் முகம் சுருங்கிவிட்டது, ஆப்பை எழுதியவன் அவன். சார் விடவில்லை. “டன்னுக்கு இன்னும் ரெண்டு வெள்ளி ஏத்துனா?” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் கோழி கூவுவது கேட்டது. “ம்… லோரி வந்தா சரி.”

போனை வைத்துவிட்டு அவர் சொன்னதைக் கேட்கவே 350 கொடுக்கலாம். விலையை ஏற்றினாலும் ஆள் போக மாட்டார், ஆகவே தேவை நிஜம். அவருக்குப் பண்டம் லோரிதான், ஆப் இல்லை, ஆனால் எங்கள் ஸ்லைடில் முதல் ஐந்து பக்கமும் ஆப். கடைசியாக, கம்பெனியே என் கைப்பேசிக்குள் இருக்கிறது. நான் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் கடை மூடல். முதல் கட்டத்தில் மூன்று வருஷக் கணக்கு, ஆடிட் எல்லாம் யாரிடமும் இருக்காது. அதனால்தான் முதலீட்டாளர் இப்படி ஆளையும் அவருடைய வாடிக்கையாளரையும் பார்க்கிறார் என்றார். போன மாதம் விலகிய தோட்டக்காரர் யார், ஏன் விலகினார் என்று கேட்டு, நாம் கணக்குப் புத்தகத்தைப் புரட்டாமல் பதில் சொல்கிறோமா என்று கவனிப்பாராம்.

அடுத்தது சந்தைக் கணக்கு. ஒரு தம்பி “மலேசியாவில் மூன்று கோடிப் பேர், அதில் ஒரே ஒரு சதவீதம் வந்தால்” என்று ஆரம்பித்தார். சார் கையைக் காட்டி நிறுத்திவிட்டு எங்கள் கணக்கைப் பலகையில் கீழிருந்து மேலாகப் போட்டார். டன்னுக்கு எங்களுக்கு நிற்பது 4 வெள்ளி. ஐந்து ஏக்கர்காரர் மாதம் ஏறக்குறைய மூன்று டன் போடுவார். ஆக ஆளுக்கு மாதம் 12 வெள்ளி, வருஷத்துக்கு 144. வருஷம் ஒரு கோடி வெள்ளி வரும்படி வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 70,000 தோட்டக்காரர்கள் வேண்டும். ரெண்டு வெள்ளி ஏற்றினால் வருஷம் 216, அப்போது 46,000 சொச்சம் போதும். பெரியவரிடம் ஏன் அந்தக் கேள்வி என்று அப்போதுதான் புரிந்தது. கோலகங்சார் மாவட்டத்தில் உரிமம் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள் எத்தனை பேர் என்று செம்பனை வாரியமான எம்பிஓபியின் துனாஸ் ஆலோசனை அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வா என்றார். முதலீட்டாளர் முன்னால் அந்த ஒரு எண்ணைச் சொல்வது, இணையத்தில் எடுத்த பத்து எண்ணுக்குச் சமம்.

இரண்டாம் சனிக்கிழமை விலை போடும் வகுப்பு. இங்கேதான் என் குறை. அமெரிக்க ஏஞ்சல் முதலீட்டாளர் பில் பெய்ன் உண்டாக்கிய மதிப்பெண் முறையைத் தமிழில் ஒரு தாளில் அடித்துக் கொடுத்தார். நடத்துகிற ஆட்களுக்கு 30 சதவீதம், சந்தையின் அளவுக்கு 25, பண்டத்துக்கு 15, போட்டிக்கு 10, விற்பனைக்கு 10, இன்னும் எவ்வளவு முதல் தேவைப்படும் என்பதற்கு 5, மற்றதற்கு 5. சராசரிக் கம்பெனியோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றிலும் நாம் மேலா கீழா என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். எங்களுக்குச் சந்தையில் 75, விற்பனையில் 125, மற்றதில் எல்லாம் 100 என்று போட்டதில் 0.9625 வந்தது. அதைச் சராசரி விலை 28 லட்சம் வெள்ளியால் பெருக்கினால் ஏறக்குறைய 27 லட்சம். சரி, அந்த 28 லட்சம் எங்கிருந்து வந்தது? “கேஎல்ல நான் பார்த்த வரைக்கும்.” நான்கு தசமத்துக்குப் பெருக்குகிறோம், பெருக்கப்படும் எண்ணோ ஒரு மனிதரின் ஞாபகம்! முறையில் தப்பில்லை, ஆட்களுக்குத்தான் அதிக மதிப்பெண் என்பதைப் புரியவைக்க நல்ல தாள். ஆனால் அதை ஒரு விலைச்சீட்டு மாதிரி கையில் கொடுத்தனுப்புவது சரியில்லை. அந்தத் தம்பி இப்போது எல்லாரிடமும் தன் கம்பெனி 31 லட்சம் என்கிறார்.

பங்கு பிரிப்பு மட்டும் அன்று பிரமாதம். முன்விலை, அதாவது பணம் வருவதற்கு முன் கம்பெனியின் விலை, 27 லட்சம், வரும் பணம் 3 லட்சம், ஆக 30 லட்சத்தில் முதலீட்டாளருக்கு 10 சதவீதம். இது எளிது. அதே தம்பிக்கு ஒரு மாமா ஆரம்பத்தில் 20,000 வெள்ளி கொடுத்து 40 சதவீதம் எழுதி வாங்கியிருக்கிறார். தம்பிக்கும் கூட்டாளிக்கும் ஆளுக்கு 30. சார் பலகையில் எழுதினார்: முதல் ரவுண்டில் 10 போனால் மாமாவுக்கு 36, இவர்களுக்கு 27. அடுத்த ரவுண்டில் 20 போனால் மாமாவுக்கு 28.8, இவர்களுக்கு 21.6. “ராத்திரி பகலா ஒழைக்கிறவனை விட வீட்டுல இருக்கிற மாமாவுக்கு ஜாஸ்தி. எந்த முதலீட்டாளரும் இந்தத் தாளைப் பார்த்ததும் மூடி வச்சிடுவாரு.” மாமாவிடம் எப்படிப் பேசுவது என்று தம்பி தவித்தார். “நீ பேசாதே. அம்மாவை விட்டுப் பேசச் சொல்லு. பணத்தைக் கடனா மாத்தி எழுதிக்கட்டும்.”

மானியம், பலபேர் சின்னச் சின்னத் தொகையாகப் போட்டுப் பங்கு வாங்கும் கூட்டு முதலீட்டுத் தளங்கள் பற்றி அரைமணி நேரத்திலேயே ஓட்டிவிட்டார். புதுக் கம்பெனிகளுக்கு உதவும் அரசாங்க நிறுவனமான கிராடிலின் சிஐபி ஸ்பார்க் திட்டத்தில் 150,000 வெள்ளி வரை மானியம் உண்டு, அதற்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. 2015-லிருந்து சட்டப்படி நடக்கும் கூட்டு முதலீட்டுத் தளத்தில் சாதாரண ஆள் ஒரு கம்பெனிக்கு 5,000 வெள்ளி வரைதான் போடலாம். சாதாரண வணிகமாக, எண்டர்பிரைஸாகப் பதிந்திருந்தால் பங்கே வெளியிட முடியாது, முதலில் செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் பங்கு நிறுவனம் ஆக்குங்கள். இதற்கு மேல் விவரம் இல்லை. முதலீட்டு நிபந்தனைகளை எழுதும் டெர்ம் ஷீட் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரியாவது காட்டியிருக்கலாம்.

வகுப்பு எந்த அளவுக்குச் சரி என்று பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஏஞ்சல் முதலீட்டாளர் ஒருவரைப் பார்த்தோம். லோரிப் பக்கத்தை முன்னால் வைத்திருந்தோம். விலகியவர் யார், ஏன் என்று கேட்டார், சொன்னேன். தானே ஒரு பெயரைத் தேர்ந்து போன் போட்டார், நான் பதறவில்லை. துனாஸ் அதிகாரி சொன்ன எண்ணைக் குறித்துக்கொண்டார். ஆனால் அவர் அதிக நேரம் பிடித்து உலுக்கியது, சார் வாயே திறக்காத ஒன்றை. அக்கா மகன் இன்னொரு கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தபோதுதான் ஆப்பை எழுதினான். ராத்திரியில், சொந்த லேப்டாப்பில். இருந்தாலும், “அந்தக் கோட் யாருக்குச் சொந்தம்? பழைய முதலாளி உரிமை கொண்டாட மாட்டார்னு கடிதம் இருக்கா? அவன் உங்க கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கானா?” இரண்டும் இல்லை. 350 வெள்ளி வகுப்பில் இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்க வேண்டாமா? சாரிடமே சொன்னேன். தலையை ஆட்டினார், சேர்க்கிறாரா என்று அடுத்து போகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பணம் இன்னும் வரவில்லை. நான் போனை எடுக்காமலே பக்கத்து மாவட்டத்தில் மூன்று மாதம் லோரி ஓடட்டும், கடிதங்களோடு திரும்ப வாங்க என்றிருக்கிறார். அக்கா மகன் சம்பள வேலையை விட்டுவிட்டான். லோரி நேரம் குறிக்க ஒரு பிள்ளையை வைத்திருக்கிறோம்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை காலையில் சந்தைப் பக்கம் கார் நிறுத்த இடம் கிடைக்காது, ஒன்பதுக்கு முன்னால் போய்விடுங்கள். மாடிப்படி செங்குத்து. சாப்பாடு வாழையிலையில், கோழிப் பெரட்டல் நன்றாக இருந்தது. லேப்டாப் தேவையில்லை, வாடிக்கையாளர் பட்டியல், ஆறு மாத வங்கிக் கணக்கு, பங்கு யார் யாருக்கு என்று காட்டும் கம்பெனிப் பதிவகத்தின் எஸ்எஸ்எம் தாள், இந்த மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பு தீபாவளிக்கு அப்புறம்தானாம், இடம் எட்டுக் கம்பெனிக்கு மட்டும்.