அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் ‘தொடர்பு பேக்கேஜ்’: காணொளிக்குக் கொடுக்கலாம், மின்னஞ்சலுக்கு வேண்டாம்

அமெரிக்கக் கல்லூரி அணியில் பேஸ்பால் ஆட நினைக்கும் பையன்களின் பெற்றோருக்காகச் சிங்கப்பூரில் விற்கப்படும் சேவை இது. காணொளி ஒன்று, இணையத்தில் விவரப் பக்கம் ஒன்று, 300 பயிற்றுவிப்பாளர்களுக்கு மின்னஞ்சல். மூன்றுக்கும் சேர்த்து நான்கு இலக்கத்தில் வெள்ளி. நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுகிறோம். இதே அச்சில் வார்த்த வேறு பேக்கேஜை வாங்க யோசிப்பவருக்கும் இங்கே சொல்வது பொருந்தும்.

முதலில் அந்த 300. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் மிக உயர்ந்த மட்டமான முதல் பிரிவில் இருக்கும் பேஸ்பால் அணிகளே ஏறக்குறைய 300தான். முகவரிப் பட்டியலை அப்படியே அள்ளியிருக்கிறார்கள் என்பது புரிய இதுவே போதும். 2025-26 பருவத்திலிருந்து, கல்லூரியே ஆட்டக்காரர்களுக்குப் பணம் தரும் புதிய வருவாய்ப் பகிர்வு ஏற்பாட்டில் சேர்ந்த முதல் பிரிவுக் கல்லூரிகள் அணியில் 34 பேருக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த இடங்களுக்கு வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வரும் 21, 22 வயது ஆட்டக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள். மணிக்கு 84 மைல் வேகத்தில் பந்தெறியும் வலக்கைப் பிட்சருக்கு இந்தப் பட்டியல் பெரும்பாலும் வீண். அவர் முதலில் எழுத வேண்டியது மூன்றாம் பிரிவு, பெரும்பாலும் சிறு கல்லூரிகளைக் கொண்ட தனிச் சங்கமான என்ஏஐஏ, அமெரிக்காவின் ஈராண்டு ஜூனியர் கல்லூரிகள் ஆகியவற்றுக்கு. மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. கல்வித் தகுதிக்கோ குடும்பத்தின் பணத் தேவைக்கோ தரும் உதவி மட்டும் உண்டு. விளம்பரத்தில் ‘உதவித்தொகை’ என்ற சொல் கொட்டை எழுத்தில் இருக்கிறது, இந்த வேறுபாடு எங்கும் இல்லை.

அவர்கள் அனுப்பும் மின்னஞ்சலின் தலைப்பு: “திறமையான ஆட்டக்காரர், தயவுசெய்து பாருங்கள்”. முதல் வரி எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றே: “உங்கள் புகழ்பெற்ற அணியில் சேர்வது என் கனவு”. மாதிரியாகக் காட்டிய ஒன்றில் ஓஹையோவில் உள்ள கல்லூரிக்குப் போன கடிதம் டெக்சாஸ் கல்லூரியின் பெயரோடு முடிகிறது. போதாக்குறைக்கு, அனுப்பும் முகவரி நிறுவனத்துடையது. பயிற்றுவிப்பாளர் பதில் போட்டால் அது பையனிடம் வராது, நிறுவனத்திடம் போய்ச் சேரும். இவனே எழுதுகிறானா, கேட்டதற்குத் தானே பதில் சொல்கிறானா என்று பார்க்கத்தான் அவர் முதல் கடிதத்தைப் படிக்கிறார். அப்பா எழுதிய கடிதமும் இதே காரணத்தால்தான் எடுபடுவதில்லை.

இதைப் பையனே செலவில்லாமல் செய்துவிடலாம். 30, 40 கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் விளையாட்டுத் தளத்திலும் பணியாளர் பக்கத்தைத் திறக்க வேண்டும். ஆள் சேர்ப்பைக் கவனிப்பவர் பெரும்பாலும் ஒரு துணைப் பயிற்றுவிப்பாளராக இருப்பார். கடிதம் அவருக்கு, நகல் தலைமைப் பயிற்றுவிப்பாளருக்கு. தலைப்பிலேயே சரக்கு இருக்க வேண்டும்: நுழைவு ஆண்டு, ஆடும் இடம், உயரம், எடை, ஓர் எண், நாடு. “2029, வலக்கை பிட்சர், 6-1, 175, 84 மைல், சிங்கப்பூர்” என்ற அளவுக்கு. உள்ளே ஆறேழு வரி போதும். அந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தான் என்பதற்கு ஒரே ஒரு வரி, ஆனால் அது வேறு எந்தக் கல்லூரிக்கும் பொருந்தாத வரியாக இருக்க வேண்டும். பிறகு அளவுகள், காணொளி இணைப்பு, மதிப்பெண், தன் பயிற்றுவிப்பாளரின் தொடர்பு விவரம், அடுத்து ஆடப்போகும் போட்டிகளின் தேதி.

அளவுகளில் நம்மவர்கள் சறுக்குவது அலகில். அவர்களுக்கு மைல், அடி, பவுண்டு. 185 செ.மீ. என்றால் 6-1 (6 அடி 1 அங்குலம்), 79 கிலோ என்றால் 174 பவுண்டு, மணிக்கு 135 கி.மீ. என்றால் 84 மைல். ஓட்ட வேகத்தை அவர்கள் அளப்பது 60 கஜத்தில், அதாவது 54.86 மீட்டரில். பள்ளித் திடலில் 60 மீட்டர் ஓடிய நேரத்தை அப்படியே எழுதினால், ஐந்து மீட்டர் கூடுதலாக ஓடிய பையன் அரை வினாடிக்கு மேல் மெதுவானவனாகத் தெரிவான். பேக்கேஜின் படிவம் மீட்டரில் கேட்கிறது, யாரும் மாற்றிப் போடுவதில்லை.

மதிப்பெண்ணிலும் இதே கதை. ஓ நிலைத் தேர்வின் எல்1ஆர்5 புள்ளி குறையக் குறையச் சிறப்பு என்பது அங்கே யாருக்கும் தெரியாது. வெறுமனே ‘8’ என்று எழுதினால் தோல்வி என்றே நினைப்பார்கள். ‘குறைந்த எண்ணே உயர்ந்தது’ என்று அரை வரி சேர்க்க வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவருக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்களது ஜிபிஏ 4.0 அளவுகோலில்தான் இருக்கிறது.

பெயரும் ஒரு சங்கதி. நம் பிள்ளைகளின் கடப்பிதழில் தன் பெயர், ‘எஸ்/ஓ’, அப்பா பெயர் என்று இருக்கும். அமெரிக்கப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும்போது ஒரு முறை அப்பா பெயரையும் இன்னொரு முறை தன் பெயரையும் போட்டால், என்சிஏஏ தகுதி மையத்தின் கணக்கும் மதிப்பெண் பட்டியலும் காணொளித் தலைப்பும் மூன்று வேறு ஆட்களைக் காட்டும். கடப்பிதழில் உள்ள வரிசையை ஒரு முறை முடிவு செய்து, மின்னஞ்சல் முகவரி வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

பேக்கேஜின் பெரிய ஓட்டை தேசிய சேவை. அவர்கள் பள்ளி முடிக்கும் ஆண்டையே தலைப்பில் போடுகிறார்கள். 2026 டிசம்பரில் ஏ நிலை முடிக்கும் பையன் ஈராண்டு முழுநேரச் சேவை முடித்துக் கல்லூரிக்குப் போவது 2029 ஆகஸ்ட்டில். ‘2026’ என்று பார்க்கும் பயிற்றுவிப்பாளர், நிரம்பிவிட்ட பட்டியலில் அவனைப் போட்டு மூடிவிடுவார். இரண்டு ஆண்டையும் எழுதி, இடையில் கட்டாய ராணுவச் சேவை என்று ஒரு வரி சொல்ல வேண்டும். கல்லூரி இடத்தைக் காட்டிச் சேவையைத் தள்ளிவைக்கலாம் என்ற கணக்கு வேண்டாம், அது ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் போன்ற அரியவர்களுக்குக் கிடைத்தது. என்சிஏஏ விதிகளில் ராணுவச் சேவைக் காலத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அதை முடிவு செய்வது தகுதி மையம். பயிற்றுவிப்பாளரின் வாய்மொழியை நம்பி இருக்க முடியாது.

அனுப்பும் நேரம் சின்ன விஷயம்தான். கோடையில் அமெரிக்கக் கிழக்குக் கரை நமக்கு 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. நம் இரவு ஒன்பதரைக்கு அனுப்பினால் அங்கே காலையில் அஞ்சல் பெட்டியின் மேலேயே நிற்கும்.

பதில் வராததைப் படிக்கவும் தெரிய வேண்டும். முதல் பிரிவுப் பயிற்றுவிப்பாளர், மாணவனின் 11ஆம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை தனிப்பட்ட முறையில் பதில் எழுதவே கூடாது. இரண்டாம் பிரிவுக்கு அது ஜூன் 15. மாணவன் எழுதத் தடையில்லை, அவர்களால் வினாப் படிவமும் முகாம் விளம்பரமும் அனுப்ப முடியும். மூன்றாம் பிரிவுக்கும் என்ஏஐஏவுக்கும் இந்தப் பூட்டு கிடையாது. இதைச் சொல்லாமல், எத்தனை பேர் மின்னஞ்சலைத் திறந்தார்கள் என்று வண்ண வரைபடம் தருகிறது நிறுவனம். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, “எங்கள் கோடை முகாமுக்கு வாருங்கள்” என்ற அழைப்புகளையும் ‘ஆர்வம் காட்டிய கல்லூரி’ என்று எண்ணிக்கையில் சேர்க்கிறார்கள். அந்த அழைப்பு ஆயிரம் பேருக்குப் போகும் கட்டண விளம்பரம். பையன் எழுதிய ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு, காணொளியைப் பார்த்த அடையாளத்தோடு பதில் வந்தால் மட்டுமே சாங்கியிலிருந்து விமானச் சீட்டு விலையைப் பார்க்கலாம்.

விவரப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல்லூரியின் தளத்திலேயே இலவச வினாப் படிவம் இருக்கிறது. அதை நிரப்பினால் பெயர் நேராக அவர்கள் பட்டியலில் ஏறும். அதை நிரப்பிய அன்றே கடிதமும் போக வேண்டும்.

காணொளிக்கு மட்டும் கொடுத்த காசு தகும். படப்பிடிப்பாளருக்கு ஆட்டம் தெரிகிறது, முக்காலியைச் சரியான இடத்தில் வைக்கிறார். பிட்சரை, எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னாலிருந்தும் மார்பு தெரியும் பக்கத்திலிருந்தும் எடுக்கிறார், ஒவ்வொரு வகைப் பந்துக்கும் நாலைந்து எறிதல், வேகமானி எண் சட்டகத்துக்குள்ளேயே. பேஸ்களுக்கு அருகே நின்று தடுக்கும் இன்ஃபீல்டரின் எறிதல் முதல் பேஸ் கையுறையில் விழும் வரை வெட்டாமல் வருகிறது. படத்தொகுப்பில்தான் சொதப்புகிறார்கள். தொடக்கத்தில் 12 வினாடிக்கு நிறுவனச் சின்னம் சுழல்கிறது, அடுத்து பாட்டு, அதன்பின் மெதுவோட்டம். கேட்சர் பந்தைப் பிடித்ததிலிருந்து இரண்டாம் பேஸில் அது சேரும் வரையிலான நேரத்தைப் பயிற்றுவிப்பாளர் தன் கைக்கடிகாரத்தில் அளப்பார். 2.0 வினாடியா 2.2 வினாடியா என்பதே அவருக்கு வேண்டிய செய்தி. மெதுவோட்டத்தில் அது போய்விடும், பாட்டில் மட்டையின் ஓசை அமுங்கிவிடும். இரண்டு மூன்று நிமிடம், சாதாரண வேகம், முதல் 15 வினாடிக்குள் மிகச் சிறந்த எறிதல் அல்லது அடி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கோப்பை அவர்கள் டிரைவ் இணைப்பாகத் தருகிறார்கள், அனுமதி பூட்டியபடி. அதைத் தொடும் பயிற்றுவிப்பாளருக்கு ‘அனுமதி கோருங்கள்’ என்ற திரைதான் வரும், அவர் கோர மாட்டார். யூடியூபில் பட்டியலிடாத காணொளியாக ஏற்றி, கணக்கிலிருந்து வெளியேறிய கைப்பேசியில் ஒரு முறை திறந்து பார்த்த பிறகு அனுப்ப வேண்டும்.

காணொளியை மட்டும் தனியாகக் கேட்டால் முதலில் இல்லை என்பார்கள், இரண்டாம் முறை கேட்டால் விலை சொல்வார்கள். வெட்டாத மூலப் பதிவும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், ஆறு மாதம் கழித்து வேகம் கூடியதும் புதுப் பந்துகளை முன்னால் ஒட்டி மறுபடி அனுப்ப அது வேண்டும்.