பல ஊர்களிலிருந்து வேலை செய்பவர்களுக்கு ஒரு வலையமைப்பு: திருகோணமலை அலுவலகமொன்றின் பயன்பாட்டு அனுபவம்

எமது கணக்கீட்டு நிறுவனம் சிறியது. உப்புவெளி, நிலாவெளிப் பகுதி விடுதிகளுக்கும் கிண்ணியா, கந்தளாய் அரிசி ஆலைகளுக்கும் கணக்கு எழுதுவதும், சம்பளப் பட்டியலையும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கையும் மாதந்தோறும் தயாரிப்பதும் எமது தொழில். பதினான்கு பேரில் ஐவர் மட்டுமே திருகோணமலை நகரிலுள்ள அலுவலகத்துக்கு நாள்தோறும் வருகின்றனர்; ஏனையோர் மூதூர், கிண்ணியா, குச்சவெளி, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் தத்தம் வீடுகளிலிருந்தே வேலை செய்கின்றனர். இவர்களை இணைக்கும் பொறுப்பு 2020 முதல் என்னிடம் இருக்கிறது.

அந்த ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவசரத்தில் நான் செய்ததை எழுத இன்றும் கூச்சமாக இருக்கிறது. அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து இயக்குவதற்காக ரவுட்டரில், தொலைவிலிருந்து விண்டோஸ் கணினியை இயக்கும் வாயிலான 3389ஆம் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிட்டேன். மறுநாளே கணினியின் பதிவேடு, எங்கெங்கிருந்தோ கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்த முயற்சிகளால் நிரம்பியிருந்தது. அதை உடனே மூடிவிட்டு, அலுவலக சேர்வரிலேயே ஓப்பன்விபிஎன் நிறுவினேன்; இணையத்தின் ஊடே மறைகுறியாக்கிய தனிவழி (விபிஎன்) அமைக்கும் மென்பொருள் அது. எல்லோரும் முதலில் அலுவலகத்துக்குள் வந்து, பின்னர் அங்கிருந்து கோப்புகளுக்கும் இணையத்துக்கும் செல்லும் ஏற்பாடு அது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அது குறையின்றி ஓடியது என்றே சொல்ல வேண்டும்.

அந்த அமைப்பின் குறையை எனக்கு உணர்த்தியது 2022ஆம் ஆண்டின் மின்வெட்டு. மார்ச் இறுதியில் அது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலங்கள் வரை நீண்டது. யூபிஎஸ் சில மணித்தியாலங்களில் ஓய்ந்துவிடும். மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை. மின்வெட்டு பகுதி பகுதியாகச் சுழற்சி முறையில் நடைமுறையில் இருந்ததால், கிண்ணியாவில் ஒருவரின் வீட்டில் மின்சாரமும் இணைய இணைப்பும் இருக்க, நகரில் அலுவலகம் இருண்டு கிடந்த காரணத்தால் மட்டும் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள்கள் பல. மாற்றாக வைத்திருந்த 4ஜி ரவுட்டரும் உதவவில்லை. கைத்தொலைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது இணைய முகவரியின் பின்னால் வைப்பதால், வெளியிலிருந்து அந்த ரவுட்டரைத் தேடி வந்து இணைய வழியில்லை. ஊழியர்கள் பல ஊர்களில் இருக்க, வலையமைப்பின் நடுத்தூணாக எமது கட்டடத்தை வைத்ததே தவறு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவ்வாண்டு முடிவில் கணக்கு மென்பொருளை மேகச் சேவைக்கு மாற்றினேன். பழைய கோப்புகளுக்காக எஞ்சிய ஒரு சேர்வரை, சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த சிறிய கணினி வழியே வயர்கார்டு என்ற மற்றொரு விபிஎன் மென்பொருளால் இணைத்தேன். 2020இல் லினக்ஸின் 5.6ஆம் பதிப்பிலிருந்து கேர்ணல் எனப்படும் அதன் மையப் பகுதியிலேயே இடம்பெறும் வயர்கார்டு எளிமையானது. இணைப்பு அறுந்து மீள்வதைப் பயனர் பெரும்பாலும் உணர்வதேயில்லை. ஆனால் மூதூரில் 4ஜி வழியே இணைந்த ஒருவருக்கு ஒரு விசித்திரமான கோளாறு இருந்தது. பிங் என்ற சிறு சோதனைச் செய்தியை அனுப்பினால் பதில் வரும், கோப்புப் பட்டியல் திறக்கும். பெரிய பிடிஎஃப் ஒன்றைத் திறந்தால் மட்டும் அப்படியே நின்றுவிடும். தொலைபேசிக் கோபுரத்தையும் அவருடைய மடிக்கணினியையும் இரண்டு வாரங்கள் குறை கூறிய பின்னரே, ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொதிக்கு வயர்கார்டு வழக்கமாக வைக்கும் 1420 பைற் அளவு அந்த இணைப்புக்குப் பெரிது என்பதைக் கண்டேன். 1280 ஆகக் குறைத்த கணத்தில் கோளாறு தீர்ந்தது. தொலைவிலிருந்து பணிபுரிபவர் எவரேனும் ‘சின்னது வருகிறது, பெரியது வரவில்லை’ என்றால், நான் இப்போது முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

வயர்கார்டின் உண்மையான குறை வேறிடத்தில் இருந்தது. அதற்குச் சாதனங்களில் வைத்த மறைகுறியீட்டுச் சாவிகளைத் தெரியும், மனிதர்களைத் தெரியாது. 2023இல் ஒருவர் வேலையை விட்டு விலகியபோது, அவருடைய சாவிகள் எந்தெந்தச் சாதனங்களில் உள்ளன என்று ஒரு பிற்பகல் முழுவதும் தேடினேன். 2021இல் அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத பழைய விபிஎன் கணக்கொன்றின் வழியே நுழைந்த செய்தி அப்போது நினைவுக்கு வந்தது.

எனவே இன்றைய அமைப்பு, வயர்கார்டை அடித்தளமாகக் கொண்டு அதன்மேல் ஆள் அடையாளத்தைச் சரிபார்க்கும் ஒரு கட்டணச் சேவை. ‘ஸீரோ டிரஸ்ட்’ (எவரையும் முன்கூட்டியே நம்பாமை) என்ற பெயரில் விற்கப்படும் பலவும் வெறும் விளம்பரமே என்பது என் எண்ணம். ஆயினும் எந்த வலையமைப்பில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை நம்பக் கூடாது என்று 2020இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் தன் 800-207ஆம் ஆவணத்தில் வகுத்த கொள்கை எமக்கு நன்றாகவே பொருந்துகிறது. சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும் மூவருக்கு மட்டுமே அந்தக் கோப்புறை தென்படும்; விலகுபவரின் கணக்கை ஓரிடத்தில் முடக்கினால் போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி வாடிக்கையாளர்கள் வினவும்போது காட்டுவதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

குறைகளும் உண்டு. மாதச் செலவு கூடியது. அடையாளச் சேவையில் நுழைய முடியாவிட்டால் எல்லாமே பூட்டிக்கொள்ளும்: மூதூர்ப் படகுத்துறையில் ஓர் ஊழியர் அடையாளத்தை உறுதிசெய்யப் பயன்படுத்திய கைத்தொலைபேசி கடலில் விழ, சம்பள நாளன்று அவர் அரை நாள் அமைப்புக்குள் நுழைய முடியாமல் நின்றார். அதன் பின்னர் ஒவ்வொருவருக்கும், கணினியில் செருகி அடையாளத்தை உறுதிசெய்யும் யூஎஸ்பி பாதுகாப்புச் சாவிகள் இரண்டு கொடுத்தோம். மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு அலுவலகப் பெட்டகத்தில் வைத்தோம்.

குச்சவெளியில் இருப்பவருக்கு இன்னும் நிலையான இணைப்பு வாய்க்கவில்லை. 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்கை அவருக்காகப் பரிசீலித்து வருகிறோம். அதன் சாதாரண வீட்டு இணைப்பிலும் பொது முகவரி தனியாகக் கிடைக்காது. எமது இணைப்புகள் யாவும் உள்ளிருந்து வெளியே செல்பவை என்பதால் அது தடையாக இராது. விலையைப் பார்த்துத்தான் இன்னும் தயங்குகிறோம்.