கணினிக் கட்டமைப்புப் பாடம்: 8086ஆ, மிப்ஸா, ஆர்மா, ரிஸ்க்-ஃபைவா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கம்பஸ் போன பிள்ளைகள் சிலர், விடுமுறைக்கு வந்தால் கணினிக் கட்டமைப்புப் பாடத்தோடு என்னிடம் வந்து உட்காருவார்கள். முதலாம் பாடத்துக்கு எந்தக் கட்டளைத் தொகுதி (ஒரு பிராசஸருக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியல்; தலைப்பில் உள்ளவை அப்படிப்பட்டவை) நல்லது என்ற கேள்விக்கு, அவர்களோடு இருந்து பார்த்துத்தான் பதில் சொல்கிறேன்.

நான் படித்தது 8086. 1978இல் வந்த இன்டெல் சிப். இன்றைய லெப்டொப்களில் பெரும்பாலானவை அந்தப் பரம்பரைதான் (எக்ஸ்-86 என்பார்கள்), அதனால் பழசு என்று தள்ளமாட்டேன். சிக்கல் வேறு. இன்றைய எக்ஸ்-86இல் ஒரு கட்டளை 1 பைட்டும் இருக்கும், 15 பைட்டும் இருக்கும். பைப்லைனை, அதாவது பல கட்டளைகளை வெவ்வேறு கட்டங்களில் ஒரே நேரத்தில் ஓட்டும் முறையைச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இது பிள்ளைகளைத் திணறடிக்கிறது.

தேயிலை பெக்டரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பைப்லைன் புதிதே இல்லை. இன்று பறித்த கொழுந்து மேல்மாடியில் வாடிக்கொண்டிருக்க, நேற்றையது கீழே ரோலரில் உருளும், அதற்கும் முன்னே போனது காய்ந்துகொண்டிருக்கும். வாடத்தான் பல மணி நேரம் எடுக்கும், அதனால்தான் அதற்கு மட்டும் அத்தனை தொட்டிகள். மெதுவான கட்டத்தைப் பெருக்கி வேகம் கூட்டுவதைப் பிராசஸர்களும் செய்கின்றன. ஆனால் கட்டளையை எடுத்துவரும் முதல் கட்டம் சீராக ஓட, ஒவ்வொரு கட்டளையும் ஒரே 32 பிட்டாக இருந்தால் எவ்வளவு லேசு!

மிப்ஸிலும் ரிஸ்க்-ஃபைவ் அடிப்படைத் தொகுதியிலும் அப்படித்தான். 1981இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய மிப்ஸ் வகுப்பறைக்கு நெடுங்காலம் உழைத்தது. ஆனால் அசல் மிப்ஸில் கிளைக் கட்டளைக்கு (நிரலை வேறு இடத்துக்குத் தாவ வைப்பது) அடுத்த கட்டளை, தாவல் நடந்தாலும் ஓடிவிடும். அதை விளக்கவே ஒரு விரிவுரை போகும். மிப்ஸ் நிறுவனமே 2021இல் ரிஸ்க்-ஃபைவ் பக்கம் போய்விட்டது.

ஆர்ம் எல்லோர் போனிலும் இருக்கிறது, சரி. ஆனால் சொந்தமாக ஆர்ம் சிப் வடிவமைத்து வெளியிட உரிமம் வேண்டும்.

2010இல் பெர்க்லியில் பிறந்த ரிஸ்க்-ஃபைவுக்கு அந்தத் தடை இல்லை. அதன் 32 பிட் அடிப்படைத் தொகுதியில் சுமார் 40 கட்டளைகள்தான், ஒரு செமஸ்டரில் மாணவரே ஒரு பிராசஸரைக் கட்டி முடிக்கலாம். நான் இதைத்தான் எடுப்பேன். ஆளுக்கொரு எஃப்.பி.ஜி.ஏ போர்ட் (நாம் வடிவமைத்த சுற்றை ஏற்றி ஓட்டிப் பார்க்கும் போர்ட்) வாங்க வசதியில்லாத இடத்தில், பிரவுசரிலேயே ஓடும் வீனஸ் சிமுலேட்டர் தொடங்கப் போதும். போர்டைக் கடைசியில் குழுவுக்கு ஒன்றாகக் கொடுக்கலாம்.

அப்புறம் கடைசி இரண்டு வாரம் எக்ஸ்-86க்கு. ஒரே சி நிரலை இரண்டுக்கும் கம்பைல் பண்ணி, வரும் கட்டளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.